ஏனாதிப் பட்டமும் தானைத் தலைவர் புகழும்

பண்டைத் தமிழ் வேந்தர் தம்பால் சிறந்தோர்க்குப் பட்டம் அளித்துப் பெருமை செய்தனர். வாணிகருள் சிறந்தோர் எட்டி என்னும் பட்டம் பெற்றனர். உழுவித்துண்ணும் வேளாண் குடியினரும் அரசியல் வினைஞரும் காவிதி என்னும் பட்டம் பெற்றனர். தானைத் தலைவராய் உயர்ந்தோர் ஏனாதி என்னும் பட்டம் பெற்றனர். இம்மூன்றனுள் ஏனாதிப் பட்டமே போர்த்தொழிலின் உச்சியைக் குறிப்பது. பிற்காலச் சோழர் ஆட்சியில் சேனாபதி, தண்டநாயகன் என்னும் பெயர்கள் அவ்விடத்தைப் பெற்றன.

இப்பட்டங்கள் எக்காலத்து எவர்க்கு அளிக்கப்பட்டன என்னும் ஆராய்ச்சி வரலாற்றாசிரியர்க்கு உரியது. இலக்கியம் பயில்வோராகிய நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா வேறு. படை நடத்திச் சென்று களத்தில் நின்றவன் ஒருவன்; அவனுக்குப் பட்டம் தந்து அரண்மனையில் இருந்தவன் மற்றொருவன். வெற்றி இவ்விருவருள் யாருக்கு உரியது? தமிழ்ப் புலவர் இவ்வினாவிற்கு என்ன விடை கூறினர்? காலந்தோறும் அவ்விடை எவ்வாறு மாறியது? இவற்றைப் புறநானூறு, கலிங்கத்துப்பரணி, பெரியபுராணம் என்னும் மூன்று நூல்களை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பட்டமும் வடுவும்

வேந்தனால் சிறப்புப் பெறுதலைத் தொல்காப்பியர் மாராயம் என்பர். அச்சிறப்பினைப் பெற்ற வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைக்கும் நெடுமொழியினை வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக அவர் வைத்துள்ளார். புறத்திணையியலுக்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர் எடுத்துக்காட்டும் பழைய வெண்பா ஒன்று ஏனாதிப் பட்டத்தோடு மோதிரமும் அளிக்கப்பட்டமையை நமக்கு அறிவிக்கின்றது. கடல் போன்ற படைக்குக் கரை போன்றவன் ஏனாதி என்பது அவ்வெண்பாவின் கருத்து. படையைப் பெருகச் செய்பவன் மட்டும் அல்லன், அதனைக் கட்டுக்குள் நிறுத்துபவனும் தலைவனே என்னும் உண்மை அவ்வுவமையால் பெறப்படுகின்றது. வீரர் எத்துணையர் இருப்பினும் தலைமக்கள் இல்லாத தானை தானையே அன்று என்று வள்ளுவர் படைமாட்சியின் இறுதியில் முடித்தமையும் இக்கருத்தோடு ஒத்து நிற்கின்றது.

ஆயினும் அவ்வெண்பாவில் போருக்கெல்லாம் முதல்வன் என்று போற்றப்படுபவன் வேந்தனே. ஏனாதியின் பெருமை வேந்தன் அணிவித்த மோதிரத்தைச் சார்ந்து நிற்கின்றது. சங்கப் புலவர் இவ்வாறு பாடினரா என்பதை இனி நோக்குவோம்.

புறநானூற்றில் ஏனாதிப் பட்டம் பெற்ற இருவரைக் காண்கின்றோம். ஒருவன் ஏனாதி திருக்கிள்ளி. மற்றொருவன் சோழிய ஏனாதி திருக்குட்டுவன். 167ஆம் பாட்டு முன்னவனையும் 394ஆம் பாட்டுப் பின்னவனையும் பாடுகின்றன. இரண்டனையும் பாடியவர் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் என்னும் ஒரே புலவர். கிள்ளி என்பது சோழர்க்குரிய பெயர். குட்டுவன் என்பது சேரர்க்குரியது. சோழிய ஏனாதி எனப்படுவானுக்குச் சேரர் பெயர் அமைந்தமை தனியே ஆராயத்தக்கது.

இவ்விரு பாட்டுக்களையும் ஊன்றிப் படிப்போர் ஒன்றனைக் காண்பர். ஏனாதி என்னும் சொல் பாட்டுக்களுள் யாண்டும் இல்லை. பாட்டின் கீழ் அமைந்த குறிப்பே அப்பட்டத்தை நமக்குச் சொல்லுகின்றது. புலவர் ஒருவனைக் கிள்ளி என்றும் மற்றவனைக் குட்டுவன் என்றும் அழைத்தனரேயன்றி, அவர்தம் பதவியைச் சுட்டினார் அல்லர். பட்டம் அளித்த வேந்தனையும் பாடினார் அல்லர்.

அவ்வாறாயின் புலவர் கண்டது யாது? திருக்கிள்ளியின் உடம்பினையே கண்டார். பகைவர் படையை எதிர்நின்று விலக்கியதனால் அவன் மேனியெங்கும் வாள் பாய்ந்த வடுக்கள் ஆழ்ந்து கிடக்கின்றன. ஆதலின் அவனைப் பற்றிக் கேட்கும்போது செவிக்கு இனியன். நேரில் காணும்போது கண்ணுக்கு இன்னாதவன். அவனைக் கண்டு புறங்காட்டி ஓடிய பகைவரோ வடுப்படாத மேனியர். கண்ணுக்கு இனியர், செவிக்கு இன்னாதவர். இரு திறத்தாரும் ஒன்றில் இனியராய் ஒன்றில் இன்னாராய் இருக்க, உலகம் நின்னை மட்டும் வியப்பது ஏன் என்று புலவர் வினவுகின்றார். விடையை அவர் கூறவில்லை. கூற வேண்டுவதும் இல்லை. வடுவே விடையாகும்.

மோதிரம் வேந்தன் கையால் வந்தது. வடு பகைவன் கையால் வந்தது. முன்னதை வேந்தன் விரும்பினால் யாருக்கும் அளிக்கலாம். பின்னதை எவ்வேந்தனும் அளிக்க இயலாது. புலவர் மோதிரத்தை விடுத்து வடுவைப் பாடியதன் காரணம் இதுவே என்பது நம் கருத்து.

திருக்குட்டுவனைப் பற்றிய பாட்டு நகைச்சுவை கலந்தது. அவன் வள்ளல் என்று உலகம் புகழ்ந்தாலும் அவனை நினையாதீர் எனப் பிற புலவர்க்கு எச்சரிக்கை விடுக்கின்றார் இவர். வைகறையில் சென்று கிணை முழக்கி, அவன் தந்தையின் வஞ்சிப் போரைப் பாடினாராம். அவன் மகிழ்ந்து, கொன்றும் சினம் தணியாத, புலால் நாறும் கோட்டினையுடைய யானையொன்றைப் பரிசிலாகத் தந்தானாம். அஞ்சிய புலவர் அதனைத் திருப்பி விடுத்தார். பரிசில் சிறிதென்று புலவர் எண்ணினார் போலும் என அவன் நாணி, வேறொரு பெரிய யானையையும் சேர்த்து விடுத்தான். சுற்றம் வருந்தினும் இனி அவன் நாட்டிற்குச் செல்லேன் என்று முடிக்கின்றார். போர்க்களத்தையன்றி வேறொன்றும் அறியாத ஒரு தானைத் தலைவனின் இயல்பு இதனினும் தெளிவாய் வெளிப்படுதல் அரிது. யானை அவனுக்கு அன்றாடப் பொருள். புலவர்க்கோ அச்சம் தரும் பொருள்.

2. வெற்றி யாருடையது?

மலையமான் திருமுடிக்காரி ஏனாதி அல்லன். தனி நாடு உடைய குறுநிலத் தலைவன். எனினும் வேந்தர்க்குப் போர்த்துணையாய்ச் சென்றவன். சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளிக்கும் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கும் நிகழ்ந்த போரில் மலையன் சோழனுக்குத் துணையாயினான். அப்போரைப் பற்றிய 125ஆம் புறப்பாட்டினை வடம வண்ணக்கன் பெருஞ்சாத்தனார் பாடியுள்ளார். வென்ற வேந்தன், எமக்கு வெற்றி தந்தவன் மலையனே என்கின்றான். தோற்ற வேந்தனும், மலையன் வாராதிருந்தால் இப்போர் எமக்கு எளிதாயிருக்கும் என்கின்றான். பகைவராகிய இருவரும் ஒன்றுபடும் இடம் அஃது ஒன்றே.

பிட்டங்கொற்றன் சேரமான் கோதையின் படைத்துணைவன். அவனைப் பாடிய 172ஆம் பாட்டின் இறுதியில் வடம வண்ணக்கன் தாமோதரனார், முதலில் பிட்டனது வேலினையும், அடுத்து அவன் தலைவனாகிய கோதையையும், அதன் பின் அவர்களோடு மாறுபட்ட மன்னரையும் நெடிது வாழ்க என வாழ்த்துகின்றார். வாழ்த்தின் வரிசையை நோக்குக. வேந்தனுக்கு முன்னே வீரனின் வேல் நிற்கின்றது. பகைவரும் வாழ்த்தினுள் இடம் பெறுகின்றனர். பகைவர் இல்லையேல் போரும் இல்லை, போர் தரும் கொடையும் இல்லை என்பது குறிப்பு.

இவற்றால் நாம் அறிவது, சங்கப் புலவர் வேந்தனையும் தானைத் தலைவனையும் வெவ்வேறாகக் கண்டனர் என்பதே. ஒருவன் செய்த வினையை மற்றொருவன் பெயரில் எழுத வேண்டிய கட்டாயம் அவர்க்கு இல்லை.

3. பெயருள் பெயர்

பிற்காலச் சோழர் காலத்தில் நிலை மாறியது. பேரரசு பரந்தது, படை பெருகியது, வேந்தன் எல்லாப் போர்க்கும் நேரில் செல்லுதல் இயலாதாயிற்று. படைத்தலைவரின் தேவை மிகுந்த அக்காலத்திலேதான் அவர்தம் பெயர் வேந்தன் பெயருள் மறையத் தொடங்கியது என்பது வியப்பிற்குரியது.

முதல் இராசராசன் (985–1014) காலத்துச் சேனாபதி கிருஷ்ணன் இராமன் என்பான். அவன் பெற்ற பட்டம் மும்முடிச்சோழப் பிரமமாராயன் என்பது. இதனுள் மும்முடிச்சோழன் என்பது இராசராசனது சிறப்புப் பெயர். மாராயன் என்பதில் தொல்காப்பியர் கூறிய மாராயத்தின் ஒலியைக் கேட்கின்றோம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் திருச்சுற்று மாளிகையை அரசன் ஆணைப்படி எடுப்பித்தவன் இவனே என்று கல்வெட்டுக் கூறுகின்றது. ஏனாதி என்னும் பட்டம் பதவியை மட்டும் குறித்தது. இப்பட்டமோ அளித்தவன் பெயரையும் சேர்த்துச் சுமந்தது. சேனாபதியை அழைக்கும்போதெல்லாம் அரசன் பெயரும் ஒலித்தது.

மெய்க்கீர்த்திகளில் இம்மாற்றம் முழுமை பெறுகின்றது. முதல் இராசேந்திரனது (1014–1044) மெய்க்கீர்த்தி கங்கைப் படையெடுப்பை அவ்வரசனது வெற்றியாகவே அடுக்கிச் செல்லுகின்றது. ஆயின் திருவாலங்காட்டுச் செப்பேடு வேறொரு செய்தியைத் தருகின்றது. வடபுலம் சென்றவன் படைத்தலைவன். அவன் கொணர்ந்த கங்கைநீரை அரசன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான் என்பது அச்செய்தி. கங்கைகொண்டான் என்னும் பெயர் அரசனுக்கு நிலைத்தது. நீர் சுமந்து வந்தோரை நடத்தியவன் பெயரைப் பள்ளிச் சிறுவர் எவரும் அறியார்.

4. பரணியின் தலைவன்

இப்பின்னணியிலேயே கலிங்கத்துப்பரணியைப் படித்தல் வேண்டும். முதற் குலோத்துங்கன் (1070–1120) காலத்தில், 1110ஐ ஒட்டி நிகழ்ந்த கலிங்கப் போரைச் சயங்கொண்டார் பாடினார். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மேல் பாடப்படுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுக்கும். இப்போரில் யானைகளை வென்றவன் யார்? வண்டை நகர்க்குத் தலைவனும் பல்லவர் குலத்தவனுமாகிய கருணாகரத் தொண்டைமான். நூலின் பாட்டுடைத் தலைவன் யார்? காஞ்சியிலிருந்து ஆணையிட்ட குலோத்துங்கன். இலக்கணமும் இலக்கியமும் இங்கு ஒன்றோடொன்று முரணுகின்றன என்று ஒருவர் வினவின், அவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று.

அரசன் ஆணையே போரின் முதல். படைத்தலைவன் அவ்வாணையின் கருவி. ஆதலின் அரசனே தலைவன் என்று விடை கூறுவர். இவ்விடை அரசியலுக்குப் பொருந்தும். ஆயின் சயங்கொண்டார் இவ்விடையோடு அமைந்தாரா?

நூலின் 13 பகுதிகளுள் இராசபாரம்பரியம் சோழர் குலத்தையும், அவதாரம் குலோத்துங்கன் பிறப்பையும் வளர்ப்பையும் விரித்துரைக்கின்றன. தொண்டைமான் தோன்றுவது காளிக்குக் கூளி கூறியது என்னும் பகுதியிலேயே ஆகும். காஞ்சியில் அரசன் வீற்றிருக்கின்றான். மன்னர் பலர் திறையொடு வந்து பணிகின்றனர். திறை கொணராதார் உளரோ என அரசன் வினவ, வடகலிங்கத்து அரசன் இருமுறை வந்திலன் என்கின்றனர். அவன் குன்றரணை அழித்து அவன் யானைகளைப் பற்றி வருக என்று அரசன் கூறியவுடன், யான் சென்று முடிப்பேன் எனத் தொண்டைமான் எழுகின்றான். மாராயம் பெற்றவனது நெடுமொழியை ஒத்த சொல் அது. அதன் பின் ஆறுகள் பல கடந்து படை செல்லுகின்றது, கலிங்கம் எரிகின்றது, கலிங்க மன்னன் ஒளிகின்றான், அவன் மறைந்த குன்றைத் தொண்டைமான் படை விடியுமளவும் வளைத்து நிற்கின்றது. இவையனைத்தும் நிகழும்போது குலோத்துங்கன் களத்தில் இல்லை. அவன் வாளில் குருதி படவில்லை. தமிழ் இலக்கியத்தில் மிகக் கொடிய களக்காட்சிகளைக் கொண்ட நூலின் தலைவன் அக்களத்தை மிதியாதவன்.

போர் பாடியதன் முடிவில் தொண்டைமான் வெற்றித் தூண் நாட்டி, யானையும் குதிரையும் செல்வமும் கொண்டு மீண்டு, அரசன் திருவடியைத் தலையில் சூடுகின்றான். அரசவைக்கு உரிய முடிவு இதுவே. இவ்விடத்தில் நூல் நின்றிருந்தால், கருவியே தொண்டைமான் என்பாரோடு நாமும் உடன்பட்டிருப்போம். ஆயின் நூல் நிற்கவில்லை. இறுதிப் பகுதியாகிய களம் பாடியதில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. பிணங்களின் பற்களையே அரிசியாகக் குற்றும்போது அவை வள்ளைப்பாட்டுப் பாடுகின்றன. அரசனைப் பலபடப் பாடிய பேய்கள், அவ்வளவில் அமையாது வண்டை நகரையும் மல்லையையும் கச்சியையும் மயிலையையும் பாடுமாறு ஒன்றையொன்று ஏவுகின்றன. பின்னர், களிற்று அணியை வாரித் தந்து, கலிங்கப் பரணியை நம் காவலன்மேல் சூட்டிய தொண்டையர் வேந்தனைப் பாடுமாறு கூறுகின்றன.

இவ்விடம் நூலின் உயிர்நிலை என்பது நம் துணிபு. முன்னே தொண்டைமான் அரசன் அடியைச் சூடினான் என்ற புலவர், பின்னே அவனே அரசனுக்குப் பரணியைச் சூட்டினான் என்கின்றார். சூடுதல் பெறுவோன் செயல். சூட்டுதல் அளிப்போன் செயல். அரசவையில் பெறுவோனாக நின்ற தானைத் தலைவன், களத்தில் அளிப்போனாகின்றான். அரசன் தலைவனுக்குப் பட்டம் அளிப்பது உலக வழக்கு. தலைவன் அரசனுக்குப் பரணியை அளித்தான் என்பது சயங்கொண்டார் கண்ட உண்மை. ஆயிரம் யானை என்னும் இலக்கணத்திற்கும் பாட்டுடைத் தலைவனுக்கும் உள்ள முரண் இவ்வொரு சொல்லால் தீர்கின்றது. பரணி பெறுதற்குரிய வினையைச் செய்தவன் தொண்டைமான். அப்பரணியை அவன் தன் வேந்தன்மேல் சூட்டினான்.

இவ்வுண்மையைக் கூறுவோர் யார் என்பதும் கருதத்தக்கது. அமைச்சர் கூறவில்லை, திறை செலுத்திய மன்னர் கூறவில்லை, பேய்கள் கூறுகின்றன. களத்தில் இருந்தவை அவைதாம். புறப்பாட்டில் தோற்ற வேந்தன் வாயில் வந்த உண்மை, பரணியில் பேயின் வாயில் வருகின்றது. அரசவைப் புலவர் தாம் நேரே கூற இயலாததைக் கூளிகளைக் கொண்டு கூறினார் என்பது மிகையாகாது.

விக்கிரம சோழன் (1118–1135) மேல் ஒட்டக்கூத்தர் பாடிய உலாவிலும் தொண்டைமான் இடம் பெறுகின்றான். கலிங்கம் கொண்ட அவன் புகழ் அங்கும் பேசப்படுகின்றது. ஆயினும் அங்கு அவன் அரசனைச் சூழ்ந்து வரும் பெருமக்களுள் ஒருவன். பேய்கள் பாடிய பாட்டு உலாவில் கேட்கப்படவில்லை.

5. பதவியைத் துறந்தவர்

இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர் சேக்கிழார். அவர் சோழ அரசில் அமைச்சராய் இருந்து உத்தமசோழப் பல்லவன் என்னும் பட்டம் பெற்றவர் என்பது மரபு. எனவே பட்டத்தின் பெருமையையும் சுமையையும் உள்ளிருந்து அறிந்தவர் அவர். அவர் பாடிய தானைத் தலைவர் பரஞ்சோதியார். வாதாபி நகர் பல்லவரால் அழிக்கப்பட்டது 642ஐ ஒட்டி ஆகும். வாதாபிகொண்டான் என்னும் பெயர் முதலாம் நரசிங்கவர்மனுக்கு வழங்குகின்றது. அந்நகரைத் துகளாக்கி யானையும் நிதியும் கொணர்ந்தவர் பரஞ்சோதியார் என்று கூறியவர் சேக்கிழார்.

படைத்தலைவர் சிவத்தொண்டர் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன், அடியாரைக் கொடிய போரில் செலுத்தினேனே என நடுங்கிப் பொறுக்குமாறு வேண்டுகின்றான். என் குலத்திற்குரிய தொழிலைச் செய்தேன். அதில் தீங்கு யாது என்று விடையிறுக்கின்றார் பரஞ்சோதியார். மன்னன் நிதி அளித்து அவரை விடுவிக்க, அவர் திருச்செங்காட்டங்குடி சென்று சிறுத்தொண்டர் ஆகின்றார். தானைத் தலைமை ஒருபுறம். சிறிய தொண்டர் என்னும் பெயர் மறுபுறம். முன்னதை வேந்தன் தந்தான்; பின்னதை அவர் தம் பணிவால் தேடிக்கொண்டார்.

ஈண்டு நாம் காண வேண்டுவது வேந்தனின் நடுக்கம். வெற்றியைத் தன் பெயரில் கொண்ட வேந்தன், அவ்வெற்றிக்காக ஒருவன் கையைக் குருதியில் தோய்த்தமையையும் தன் பொறுப்பாக ஏற்கின்றான். மெய்க்கீர்த்திகள் வெற்றியை மட்டுமே அரசன்மேல் ஏற்றின. சேக்கிழார் பழியையும் ஏற்றினார். பரணி எழுந்து அரை நூற்றாண்டு முடிவதற்குள், அதே சோழர் ஆட்சியில், ஓர் அமைச்சர் இவ்வாறு பாடினார் என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

முடிவுரை

மாடலன் மதுரைக் குமரனார் பட்டத்தை விடுத்து வடுவைப் பாடினார். சயங்கொண்டார் வேந்தனைப் பாடியும் களத்தில் நின்றவனை மறவாது, பேய்களின் பாட்டில் அவனுக்கு உரியதை அளித்தார். சேக்கிழார் பதவியைத் துறந்தவனைப் பாடி, அவனை ஏவிய வேந்தனின் நெஞ்சையும் திறந்து காட்டினார். காலம் மாறியது, பட்டங்களின் பெயர் மாறின, ஆயினும் வினை செய்தவன் யார் என்னும் வினாவை நல்ல புலவர் எவரும் கைவிடவில்லை.

கலிங்கத்துப்பரணியை மாணவர்க்குக் கற்பிக்குங்கால், கடைதிறப்பின் இனிமையையும் போர்ப் பகுதியின் சந்தத்தையும் விரித்துரைத்து, களம் பாடியதை அருவருப்புச் சுவைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் காட்டி முடித்தல் இன்றும் காணும் வழக்கம். அவ்வாறு முடிப்போர், நூலாசிரியர் தம் நூலின் தலைவனைப் பற்றி இறுதியாகக் கூறிய சொல்லைக் கேளாமல் நூலை மூடியவராவர். வள்ளைப்பாட்டின் அவ்விரு தாழிசைகளையும் பரணியின் இலக்கணத்தோடு வைத்துப் படித்தல் வேண்டும். அங்ஙனம் படிப்பின், வண்டையர் கோனுக்குச் சயங்கொண்டார் செலுத்திய கடன் புலனாகும்.